படிக்கட்டோரத்து வீடு

திருச்சி தில்லை நகரில் முகவரி சொல்வது சுலபம். எத்தனையாவது கிராஸ் என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். எதிர் ஃபிளாட்காரர் பெயரைக் கேட்டால்தான் விழிப்போம். தனி வீடுகள் போய் அடுக்ககம் வந்தபின், லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, சாஸ்திரி ரோட்டுக்கு வந்துவிடுகிறோம். நடுவே எதிர்ப்படுகிற மனிதர் வாட்ச்மேன் ஒருவர்தான்.

"மனசு ஒத்துப்போனா போதும், எங்கே இருந்தா என்ன?" என்பவர்களுக்குப் பக்கத்து உறையூரிலேயே சாட்சி உண்டு. அங்கிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் உயிர்துறக்க உண்ணாநோன்பேற்று வடக்கிருந்தபோது, கண்ணால் பார்த்தேயிராத பாண்டிநாட்டுப் பிசிராந்தையாருக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர், பழகாமலே ஒன்றுபடும் உணர்ச்சிக்கு இவர்களைத்தான் காட்டுகிறார்.

இத்தனை நூற்றாண்டாக அந்த இருவரையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே, மூன்றாமவர் அகப்படவில்லை என்றுதானே பொருள்?

மற்றவர்களின் கதையை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு சகாக்களும் 1950இல் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பை. விருப்பப்பட்ட வீடு என்ற பேச்சே இல்லை, காலியானது கிடைத்தது. அடுத்த கதவுக்காரரோடு நெருக்கமாவதற்கான வாய்ப்பு 41 சதவீதம். அதே மாடியில் நான்கு கதவு தள்ளியிருந்தால் 10தான். கதவுக்குக் கதவு இருபது அடிகூட இல்லை! எனக்கு இதைவிடப் பிடித்தது, மாடிப்படி தொடங்கும் இடத்தில் இருந்த தரைத்தள வீடுகளின் சங்கதி. அந்த வீட்டார்களுக்கு மேல்மாடியிலும் சிநேகிதர்கள் அதிகம். தனிக் குணவிசேஷம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாடிக்காரர்கள் போகவர அவர்கள் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பேச்சுக் கொடுக்கக்கூட வேண்டாம். 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்பில் வாய் திறக்காமல் உட்காரவைத்தார்கள். ஒருவர் பதினைந்து முறை, ஒருவர் பத்து, ஒருவர் ஐந்து. நான்காமவர் போகவே இல்லை. பிறகு படங்களைக் காட்டியபோது, அதிகம் வந்த முகமே மாணவர்களுக்கு அதிகம் பிடித்தது.

அருகில் இருப்பவரோடுதான் சண்டையும் வரும். 1976இல் அதையும் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். மோட்டார் போடும் நேரம், பார்க்கிங் கோடு என்று அசோசியேஷன் கூட்டத்தில் மல்லுக்கட்டியவர்களுக்கு ஆய்வு தேவையில்லை.

சண்டை வந்தாலும் அருகாமை வேண்டுமா? பிசிராந்தையாரையே கேட்போம். இத்தனை வயதில் நரையில்லையே, எப்படி என்றவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. மனைவி, மக்கள், ஏவலர், நல்ல அரசன், தன் ஊரில் வாழும் சான்றோர். பாராத நட்பின் நாயகருக்கும் தினம் பார்க்கும் முகங்கள்தான் இளமையைக் காத்திருக்கின்றன.

அசோசியேஷன் செயலாளர்களே, அடுத்த பராமரிப்புத் தொகையில் மாடிப்படி ஓரமாக ஒரு சிமென்ட் பெஞ்சு போட்டுவிடுங்கள்.