செருகியும் பற்றறியும்

பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளைப் போற்றுவோருள் ஒரு சாரார், மின்னிணைப்பைக் கழற்றினால் அவற்றின் உயிரே போய்விடும் என அஞ்சுகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த நின்ரென்டோவையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆளி கருவியிலே உளது. அதை அணைத்த பின்னரும், சுவரிற் செருகிய நிலைமாற்றி மின்சாரத்தை உண்டு வெம்மை கக்கும். யாருக்காகவோ!

1987இல் அங்கு வந்த ‘செல்டா’ விளையாட்டுப் பேழையிலே, சிறுவனொருவன் மாதக்கணக்காய் ஆடியதன் பதிவைக் காப்பது உள்ளேயிருக்கும் நாணயமளவான பற்றறி. சுவர் மின்சாரம் அதற்கு ஒரு துளியும் ஊட்டுவதில்லை. பல்லாண்டு கழித்து அது ஓயும் அன்று பதிவும் அழியும். ஆதலின் செருகியைக் கழற்றிவிடுங்கள், பற்றறியைக் கவனியுங்கள். கொள்ளளவிகளோ இணைப்பிலிருந்தாலும் இல்லாவிட்டாலும் மூப்படையும். அவற்றை மாற்றத் தெரிந்தவர் இன்றும் உளர்.