நோயாளியிடமே சாட்சி கேட்கலாமா?

படைக்கு ஆளெடுக்கும்போது உடம்பைச் சோதித்து, சுகதேகி என்று எழுதித்தான் எடுக்கிறார்கள். அதே மனிதர் பல வருடம் கழித்து நோயோடு வந்து நின்றால், "எங்களால்தான் வந்தது என்று நிரூபியுங்கள்" என்கிறார்கள். இது நியாயமா என்று நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே முன்னாள் படைவீரர் ஒருவர் நட்டஈடு பெற மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும். இப்போது நோய் இருக்கிறது. சேவைக்காலத்தில் அதற்கான காரணம் நடந்தது. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று வைத்தியர் சொல்கிறார். முதலாவது லேசு. மற்ற இரண்டும்தான் ஆளை அலைக்கழிக்கும். இரு பக்கமும் சமமாக இருந்தால் முடிவு வீரருக்கே சாதகம் என்பது அங்குள்ள சட்டம். ஆனால் அந்தச் சமநிலைக்கு வரவே கடதாசி வேண்டும். அந்தக் கடதாசி இருப்பதோ அரசாங்கத்திடம். 1973இல் சென்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட படைவீரர் கோப்புகள் அழிந்தன. அதற்கு வீரர் என்ன செய்வார்?

வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை களைகொல்லி தெளித்தது. அதில் ஏஜென்ட் ஒரேஞ்ச் என்பதில் டயொக்சின் நஞ்சு கலந்திருந்தது. எந்தத் துளி எவர் உடம்பில் பட்டது என்று யாரால் காட்ட முடியும்? அதனால் 1991இல் ஒரு சட்டம் வந்தது. அங்கே சேவை செய்தவருக்குப் பட்டியலிலுள்ள நோய் வந்தால், அது சேவையால் வந்ததாகவே கொள்ளப்படும். நல்ல சட்டம்தான். ஆனால் உயர் குருதி அமுக்கம் அந்தப் பட்டியலில் சேர 2022 ஆகிவிட்டது. அதற்கிடையில் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்கள்!

அதே நஞ்சுக்குக் கீழே வாழ்ந்த வியட்நாம் மக்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. இரசாயனக் கம்பனிகளுக்கு எதிராக அவர்கள் தொடுத்த வழக்கை 2005இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பொய்க்காரர்களும் வருவார்களே என்று சிலர் கேட்கலாம். வரலாம்தான். அவர்களைப் பிடிக்க விசாரணை இருக்கிறது. அதற்காக உண்மையான நோயாளியைச் சாகும்வரை வரிசையில் நிறுத்த முடியாது. நஞ்சைத் தெளித்தவரிடமே பதிவேடும் இருந்தால், நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான் இருக்க வேண்டும். இதுதான் எங்கள் நிலைப்பாடு.

நாமும் ஒன்றைச் செய்வோம். தொழிலால் நோய் வரக்கூடியவர்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பி, நியமனக் கடிதம், எக்ஸ்ரே எதையும் வீசிவிடாமல் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாளைக்குப் பேசப்போவது அவைதான்.