மேல்முறையீடு யாரிடம்?

மாற்றுத்திறன் சான்றிதழ் கோரும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அதற்கான காரணங்களை மருத்துவ அதிகாரி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகள் கூறுகின்றன. அதற்கென எட்டாம் எண் படிவம் ஒன்றும் உண்டு. நிராகரிப்பினால் குறையுற்றவர் யாரிடம் முறையிட்டு மறுபரிசீலனை கோரலாம் என்று குறிப்பதற்கு அப்படிவத்தின் முடிவில் ஓர் இடம் விடப்பட்டுள்ளது. கோடிட்ட அந்த இடத்தை அதிகாரி நிரப்பித் தர வேண்டும். ஆனால், குழந்தையைத் தோளில் சுமந்து மாவட்ட மருத்துவமனைக்கு வரும் ஏழைத் தாய்மார்களில் பலர் அந்தப் படிவத்தைக் கண்ணால் கண்டதில்லை. சதவீதம் போதவில்லை, அடுத்த ஆண்டு வாருங்கள் என்ற வாய்ச்சொல்தான் அவர்களுக்குக் கிடைக்கும் உத்தரவு. வாய்ச்சொல்லை எதிர்த்து எவரும் மேல்முறையீடு செய்ய இயலாது.

மேல்முறையீட்டு உரிமை சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 59ஆவது பிரிவில் அதை வெளிப்படையாகவே வழங்குகிறது. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவில் குறையுற்ற எவரும் முறையிடலாம். சான்றே மறுக்கப்பட்டவர் மட்டுமல்லர், 40 சதவீதத்துக்குரிய குழந்தைக்கு 35 சதவீதம் என்று எழுதித் தரப்பட்ட பெற்றோரும் முறையிடலாம். எவ்வளவு காலத்துக்குள், எம்முறையில், எந்த அதிகாரியிடம் என்பவற்றை மாநில அரசுகள் வகுக்க வேண்டும் என்று சட்டம் விட்டுவிட்டது. உரிமையைத் தில்லி எழுதியது. அதை அடையும் வழியை மாநிலங்கள் எழுத வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் குழந்தைகள் விழுந்துகொண்டிருக்கின்றனர்.

உதவி மறுக்கப்படும் பெரியவர் பணத்தை இழக்கிறார். மூன்று வயதுக் குழந்தையோ பணத்தோடு காலத்தையும் இழக்கிறது. செவித்திறன் குன்றிய குழந்தை மொழியைப் பற்றிக்கொள்வதற்கும், மூளை முடக்குவாதமுள்ள குழந்தை உட்காரவும் நிற்கவும் பயில்வதற்கும் முதல் ஐந்தாறு ஆண்டுகளே முதன்மையானவை என்பதை மருத்துவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் வாரந்தோறும் பேருந்தில் சென்று வர வேண்டும். குழந்தையுடன் செல்லும் தாய் அன்றைய கூலியை விட வேண்டும். உதவித்தொகை என்பது அக்கூலிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஈடு. அது இரண்டு ஆண்டுகள் கழித்து நிலுவையோடு கிடைத்தாலும் கடந்த இரண்டு ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இவர்களில் பெரும்பான்மையோர் கிராமப்புறத்தவர். குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக 2013இல் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். மாவட்ட இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். கண்டறிவதற்குத் திட்டம் உண்டு. கண்டறிந்த பின் அக்குடும்பம் எதைக் கொண்டு வாழும் என்பதற்கு ஒன்றிய அரசிடம் விடை இல்லை.

தேசிய சமூக உதவித் திட்டத்தின் ஒரு பகுதியாக, 2009 முதல் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. இதைப் பெறுவதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அதாவது, பிறவியிலேயே கடும் குறைபாட்டுடன் பிறந்த குழந்தை, ஒன்றிய அரசின் கணக்கில் பதினெட்டு ஆண்டுகள் ஊனமுற்றதாகவே கருதப்படுவதில்லை. அக்குழந்தைக்கு மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. ஏனெனில் மறுக்கப்படுவதற்கு முதலில் ஓர் உரிமை இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பின்னும் வாசல் எளிதில் திறப்பதில்லை. 2018ஆம் ஆண்டின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களின்படி மிதமான அறிவுசார் குறைபாட்டுக்கு 75 சதவீதம் என மதிப்பிடப்படுகிறது. தனியே வெளியே சென்று வர இயலாத, பணத்தை எண்ணத் தெரியாத இளைஞர் அந்த ஐந்து சதவீதக் குறையால் வெளியே நிறுத்தப்படுகிறார். இத்தனை தடைகளையும் தாண்டியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். தொடக்கத்தில் 200 ஆக இருந்தது 2012இல் 300 ஆயிற்று. அதன்பின் அங்கேயே நின்றுவிட்டது. நாளொன்றுக்குப் பத்து ரூபாய். இத்தொகையை உயர்த்தக் கோரி ஊனமுற்றோர் உரிமைகளுக்கான தேசிய மேடை நிதிநிலை அறிக்கைதோறும் குரல் எழுப்பி வருகிறது. பெருமுதலாளிகளுக்கு வரிச்சலுகை அளிக்கத் தயங்காத நிதியமைச்சகம் இந்தக் குரலைச் செவிமடுப்பதாக இல்லை.

சட்டத்தின் 24ஆவது பிரிவோ வேறுவிதமாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஓய்வூதியமும், கூடுதல் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியும் வழங்கும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும். பிறருக்கான ஒத்த திட்டங்களைவிட அவற்றின் தொகை 25 சதவீதமேனும் கூடுதலாக இருக்க வேண்டும். அப்பிரிவில் பதினெட்டு வயது என்ற வரம்பு எங்கும் இல்லை. "பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு" என்ற சொற்றொடர் மட்டும் இருக்கிறது. அரசுகள் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன.

மாநிலங்கள் தத்தம் நிதியிலிருந்து இந்தக் குறையை ஓரளவு நிரப்ப முயன்றுள்ளன. கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம், முழுநேரக் கவனிப்புத் தேவைப்படுவோரைப் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்குகிறது. தாயின் உழைப்பையும் உழைப்பு என்று ஏற்ற வகையில் அது முன்னோடித் திட்டம். தொகை காலத்தோடு வந்து சேர்வதில்லை என்ற குறையும் அங்கே எழுந்ததுண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. ஒடிசாவின் மதுபாபு ஓய்வூதியத் திட்டம் ஐந்து வயது நிறைந்தவர்களையே சேர்த்துக்கொள்கிறது. அதன் விதியோ, ஊனத்தால் இயல்பான வேலை செய்ய இயலாதவர் என்று பயனாளியை வரையறுக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை செய்ய வேண்டிய இயல்பான வேலை எது என்பதை விதியை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

இது ஒடிசாவின் குறை மட்டுமன்று. உழைப்புச் சந்தையில் விலைபோகாமையையே ஊனமாகக் கருதும் பார்வை முதலாளித்துவ அரசுகள் அனைத்துக்கும் பொதுவானது. அமெரிக்காவிலும் ஏழைக் குழந்தைகளுக்கான ஊன உதவித்தொகை நெடுங்காலம் இந்த வழியில்தான் மறுக்கப்பட்டது. பெரியவர் ஒருவரின் நோய் அரசுப் பட்டியலில் இல்லாவிட்டாலும், அவரால் வேலை செய்ய முடியுமா என்று தனியே ஆராயப்பட்டது. வேலைக்குப் போகாத குழந்தைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. பட்டியலோடு கதவு மூடப்பட்டது. மேல்முறையீட்டுப் படிகளில் ஏறிய ஒரு குழந்தையின் வழக்கு, ஜெப்ளி வழக்கு என்ற பெயரில், 1990 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றது. குழந்தையைக் குழந்தையின் அன்றாட வாழ்வைக் கொண்டே அளக்க வேண்டும் என்றாயிற்று. ஏராளமான குழந்தைகள் பயன்பெற்றனர். ஆறே ஆண்டுகளில், 1996இல், நலத்திட்டச் சீர்திருத்தம் என்ற பெயரில் கிளிண்டன் அரசு வரையறையை மீண்டும் இறுக்கியது; முன்பு சேர்க்கப்பட்ட குழந்தைகள் பெருந்தொகையில் வெளியேற்றப்பட்டனர். நீதிமன்றத்தில் கிடைத்ததை வீதியில் காக்க ஆள் இல்லாதபோது நேர்வது இது.

இந்தியாவில் இப்போது இறுக்கப்படுவது கால வரம்பு. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு திருத்திய விதிகள், சான்றிதழ் வழங்குவதற்கான கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக்கின. இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவெடுக்கப்படாத விண்ணப்பம் செயலிழந்துவிடும்; மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். தாமதம் மருத்துவக் குழுவுடையது, தண்டனை குழந்தைக்கு. இதே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம், மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கப்பட்ட ஓம்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில், ஊனத்தின் சதவீத எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது, மதிப்பீட்டுக் குழு காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கல்லூரிச் சேர்க்கை பற்றியது. எனினும், காரணம் சொல்லாத மறுப்பு செல்லாது என்ற நெறி, மருத்துவராக விரும்பும் இளைஞருக்கு ஒன்றாகவும் நடை பயிலும் குழந்தைக்கு வேறொன்றாகவும் இருக்க முடியாது.

சின்னஞ்சிறு குழந்தையை அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். புதிய அறை, புதிய முகங்கள், நீண்ட வரிசையில் காத்திருந்த களைப்பு. அழும் குழந்தையைச் சில நிமிடங்களில் பார்த்து எண்ணைக் குறிக்கும் நிலைக்கு மருத்துவரும் தள்ளப்படுகிறார். மருத்துவ உளவியலாளர் பணியிடம் காலியாக உள்ள மாவட்டத்தில் அவரைக் குறை கூறிப் பயனில்லை. அறிவுசார் குறைபாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வழங்கப்படும் சான்று தற்காலிகமானது. குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய மறுப்பே திரும்ப வரலாம். வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பத்தின் துன்பம் இன்னும் கூடுதல். சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 58ஆவது பிரிவு கூறுகிறது. மாநில அரசின் உதவித்தொகையோ எல்லையைக் கடப்பதில்லை. பெங்களூரிலும் மும்பையிலும் கட்டுமானப் பணியில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இதை அறியும்.

நாடாளுமன்றத்தில் வயது வரம்பை நீக்கவும், 80 சதவீத நிபந்தனையை 40 ஆகக் குறைக்கவும், தொகையை உயர்த்தவும் போராடுவது நெடிய பணி. அது நடந்துகொண்டிருக்கும்போதே கிளைகள் உடனே செய்யக்கூடியவை உண்டு. சான்று மறுக்கப்பட்ட குடும்பத்துடன் ஒரு தோழர் மருத்துவமனைக்குச் சென்று, நிராகரிப்பை எட்டாம் படிவத்தில் எழுதித் தருமாறு கேட்கட்டும். மதிப்பீட்டுத் தாளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். மேல்முறையீட்டு மனுவில் சட்டப் பிரிவுகளைவிடக் குழந்தையின் ஒரு நாளே வலுவான சான்று: எழுந்தது முதல் உறங்கும்வரை எதெதற்குத் துணை தேவைப்படுகிறது, அதே வயதுடைய அடுத்த வீட்டுக் குழந்தை எதைத் தானே செய்கிறது என்று தாய் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரின் குறிப்பையும் சிகிச்சையாளரின் பதிவேட்டையும் இணைக்க வேண்டும். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மேல்முறையீட்டு அதிகாரி எவரும் அறிவிக்கப்படாத இடத்தில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் செல்ல வேண்டும். உரிமை மறுப்பை விசாரிக்கும் கடமை 80ஆவது பிரிவின்படி அவருக்கு உண்டு. விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரமும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு கேள்வியை மாவட்டந்தோறும் எழுப்ப வேண்டியிருக்கிறது. இம்மாவட்டத்தில் 59ஆவது பிரிவின்படி மேல்முறையீட்டைப் பெறும் அதிகாரி யார், அவரிடம் இதுவரை குழந்தைகள் சார்பில் எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் இதைக் கேட்பதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று அமைச்சர்கள் மேடையேறும்போது, வந்த பதில்களையும் வராத பதில்களின் பட்டியலையும் அவர்கள் கையில் கொடுக்கலாம்.