முன்னாள் படைவீரர் கேட்பது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் நாள் நம் வகுப்புகளுக்குள் ஒரு தகர உண்டியல் வருகிறது. என்.சி.சி. மாணவர் இருவர் அதைக் குலுக்கிக்கொண்டு வர, நாம் கையிலிருக்கும் சில்லறையைப் போட்டுவிட்டு, ஒரு சின்னக் காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். மாலையில் பேருந்து நிலையத்துக்கு இறங்குவதற்குள் அந்தக் கொடி எங்கோ விழுந்துவிடுகிறது. 1949 முதல் இந்த நாடு இப்படித்தான் கொடி நாள் கொண்டாடி வருகிறது.

சென்ற ஆண்டு உண்டியலில் பத்து ரூபாய் போட்டதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக வெளிவந்தவர். 1971 போரின்போது எல்லையில் இருந்தவர். அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லது கண்ணு. ஆனா அது தருமம். நாங்க கேக்கறது எங்க கணக்கு."

தருமம் வேறு, கணக்கு வேறு. இந்த வேறுபாட்டை நம் நாட்டை ஆள்வோர், கட்சி எதுவாயினும், இன்றுவரை முழுமையாக உணரவில்லை என்பதே என் கருத்து.

நம் மாவட்டத்தில் ராணுவம் என்பது செய்தித்தாளில் மட்டும் படிக்கும் சொல் அன்று. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது. 1758-இல் தோன்றிய ரெஜிமென்ட் அது. பக்கத்திலேயே முப்படை அதிகாரிகள் பயிலும் ஸ்டாஃப் காலேஜ். இரண்டும் 1947-இல் இம்மலைக்கு வந்தவை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒருவர் கேண்டீன் அட்டை வைத்திருப்பார். எஸ்டேட் வாயிலில் கம்பளித் தொப்பியுடன் காவல் நிற்பவரைப் பாருங்கள். அவர் சல்யூட் அடிக்கும் விதத்திலேயே அவர் எங்கிருந்து வந்தவர் என்பது விளங்கிவிடும்.

இவர்களுள் மிகப் பெரியவருக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன். ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 1971 போரை வென்று தந்த தளபதி. 1973 ஜனவரியில் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். பின்னர் குன்னூரிலேயே குடியேறி வாழ்ந்தார். ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பது கிடையாது. ஆயுள் முழுவதும் பணியிலிருப்பவராகவே கருதப்படுவார் என்பது மரபு. ஆனால் அதற்குரிய ஊதியம் அவருக்கு ஒழுங்காகத் தரப்படவில்லை. 2007-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வெலிங்டனுக்கு வந்து அவரைச் சந்தித்தார். அந்த ஆண்டில்தான் ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிலுவைத் தொகை, காசோலையாக மலையேறி வந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக இருந்த உடல். 2008 ஜூன் 27-இல் காலமானார். உதகையில் நடந்த இறுதிச் சடங்குக்கு டெல்லியிலிருந்து பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் வந்தார். பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை.

ஃபீல்டு மார்ஷலின் கணக்கைத் தீர்க்கவே முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. பந்தலூரில் இருக்கும் ஒரு நாயக்கின் கணக்கு எந்தக் கோப்பின் அடியில் கிடக்கிறதோ, யார் அறிவார்?

அதே 1973-ஆம் ஆண்டு சாதாரண வீரனுக்கும் ஒரு திருப்பமாக அமைந்தது. மூன்றாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி ஓய்வூதிய முறை மாறிற்று. போரில் வென்று வந்த இரண்டே ஆண்டுகளில் தங்கள் ஓய்வூதியத்தைக் குறைத்துவிட்டார்கள் என்ற மனக்குறை அன்று பிறந்து இன்றுவரை ஆறவில்லை. வீரனின் பணி அறுபது வயதுவரை ஓடுவதன்று. முப்பத்தைந்து, நாற்பது வயதில், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப்பின் வரும் ஊதியக் குழு ஒவ்வொன்றும் புதிதாக ஓய்வு பெறுபவருக்கு ஒரு தொகையையும், அதே பதவியில் அதே ஆண்டுகள் உழைத்து முன்பே வந்துவிட்டவருக்குக் குறைந்த தொகையையும் தந்தது. இந்த வேறுபாட்டை நீக்கக் கேட்டதுதான் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்னும் கோரிக்கை.

கோரிக்கை நியாயமானது என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2011 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது. 2014 பிப்ரவரி இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் ஓர் அரசு 500 கோடி ஒதுக்கிவிட்டுத் தேர்தலுக்குப் போயிற்று. அடுத்து வந்த அரசும் வாக்குறுதி அளித்தது. ஓராண்டு ஆகியும் ஆணை வராததால், 2015 ஜூனில் பதக்கம் அணிந்த முதியவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாளான ஆகஸ்டு 14 அன்று அவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்த முயன்றது. பதக்கங்களோடு இழுபட்ட முதியவர்களை நாடே படத்தில் பார்த்தது. 1932-இல் வாஷிங்டனில் போனஸ் கேட்டுக் கூடாரம் அடித்த முதல் உலகப்போர் வீரர்களை அமெரிக்க ராணுவமே விரட்டியதை வரலாற்று வகுப்பில் படித்தபோது, அது வேறெங்கோ நடந்த கதை என்றே நான் நினைத்திருந்தேன்.

2015 செப்டம்பர் 5-இல் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுத் தருவதாகவும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை சமன்செய்வதாகவும் ஏற்பாடு. அப்படியானால் அடுத்த சமன்பாடு 2019 ஜூலையில் வரவேண்டும் அல்லவா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசின் திட்டம் செல்லும் என்று 2022 மார்ச்சில் தீர்ப்பளித்த நீதிமன்றம், 2019-க்குரிய திருத்தத்தை மூன்று மாதத்தில் செய்து முடிக்கச் சொன்னது. அமைச்சரவை ஒப்புதல் வந்தது அந்த ஆண்டு டிசம்பரில். நிலுவையைத் தவணையாகத் தருவோம் என்றார்கள். 2023 மார்ச்சில் நீதிமன்றமே நாள் குறித்து, விதவைகளுக்கு இந்தத் தேதி, எழுபது வயது கடந்தவர்க்கு இந்தத் தேதி, ஏனையோர்க்கு 2024 பிப்ரவரி முடிவதற்குள் என்று கட்டளையிட வேண்டியிருந்தது. எண்பது வயதுக்காரருக்குத் தவணை! தவணை முடியும் முன் எத்தனை பேர் முடிந்திருப்பார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

2024 ஜூலைக்குரிய அடுத்த திருத்தம் அவ்வளவு தாமதமின்றி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓய்வூதியமே இல்லாத, அறுபத்தைந்து வயது கடந்த, ஹவில்தார் வரையிலான வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தரப்படும் வறுமை உதவித்தொகை 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக 2025 நவம்பர் முதல் உயர்த்தப்பட்டது. அந்தத் தொகை கொடி நாள் நிதியிலிருந்துதான் வருகிறது. எனவே நான் உண்டியலைப் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. ஆனால் உண்டியலால் ஆவது அவ்வளவுதான். ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடை அன்று, உழைத்தவனின் உரிமை என்று 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. உரிமை என்றால் அது உரியவனைத் தேடி வர வேண்டும். இங்கோ உரியவன் அதைத் தேடி மலையேறி இறங்குகிறான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தாத்தாவின் ஓய்வூதியம் திடீரென நின்றது. விசாரிக்கப் போன இடத்தில், அவர் உயிரோடு இருப்பதற்கான சான்று பதிவாகவில்லை என்றார்கள். "இதோ வந்து நிற்கிறேனே" என்றார் தாத்தா. எழுத்தர் நல்லவர்தான். "எனக்குத் தெரியுதுங்க பெரியவரே, மெஷினுக்குத் தெரியணுமே" என்றார். கருவியில் விரலை வைத்தார். பதியவில்லை. பத்து விரலும் வைத்தார். ஒன்றும் பதியவில்லை. ஓய்வுக்குப்பின் முப்பது ஆண்டுகளாக அரை ஏக்கர்த் தேயிலையில் கவாத்துக் கத்தி பிடித்த விரல்கள் அவை. போதாக்குறைக்கு நவம்பர் மாதக் குளிர். மறுமுறை போனபோது வேறொரு தடை: டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஓர் ஆங்கில எழுத்தில் வேறுபட்டன. அன்று ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது; இவர் என்ன செய்வார்? மூன்று முறை போனார். மூன்று நாள் பேருந்துச் செலவு, மூன்று நாள் கூலி நட்டம். வீட்டுக்கு வந்து அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை வருத்தியது. "துப்பாக்கியக் கையில குடுத்தப்ப யாரும் எங்கிட்ட சான்று கேக்கல" என்று மட்டும் சொன்னார்.

இது ஒரு கிழவரின் தனிக்கதை அன்று. 2022 ஏப்ரல் மாதத்துக்குரிய ஓய்வூதியம், ஆண்டுச் சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தால், புதிய 'ஸ்பர்ஷ்' கணினி முறைக்கு மாற்றப்பட்ட ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேரவில்லை. கூச்சல் எழுந்தபின் சில நாளில் பணம் போடப்பட்டது. கூச்சல் எழுந்தால்தான் காரியம் நடக்கும் என்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் படைவீரனுக்குக் கூச்சலிடத் தெரியாது. பணியிலிருக்கும்போது சங்கம் சேர்வதையும் செய்தித்தாளுக்கு எழுதுவதையும் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பதினேழு ஆண்டுகள் வாய்மூடிப் பழகியவன், ஓய்வு பெற்ற மறுநாளே எப்படி மனு எழுதக் கற்பான்? அப்படி எழுந்த குரலும் பெரும்பாலும் அதிகாரிகளின் குரலாகவே இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி ராணுவப் பணிப்படி அதிகாரிக்கு 15,500 ரூபாய், சிப்பாய்க்கும் சுபேதாருக்கும் 5,200 ரூபாய். குண்டு பதவி பார்த்துப் பாய்வதில்லை என்று 2023-இல் கீழ்ப்பதவியினர் தனியாகவே டெல்லியில் கூடிய பின்புதான் இப்படியொரு பிளவு இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

மலைவாழ் வீரருக்கு இன்னொரு சுமையும் உண்டு. தூரம். 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கு வெலிங்டனில் பாலிகிளினிக் இருக்கிறது. குன்னூர்க்காரருக்கு அது வாசலில் இருப்பது போல. கூடலூர்க்காரரோ உதகைக்கே ஐம்பது கிலோமீட்டர் வந்து, அங்கிருந்து மறுபடி இறங்க வேண்டும். இதயம், சிறுநீரகம் என்றால் பெரும்பாலும் கோவைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் சீட்டு பையிலேயே இருக்கும். உடற்குறை ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர், 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். அதன் அமர்வு சென்னையில். படையில் சேரும்போது நோய்க்குறிப்பு இல்லாதவனுக்குப் பின்னர் வந்த நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், அல்ல என்றால் அரசே மெய்ப்பிக்க வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதன் பிறகும் அரசு மேல்முறையீடு செய்துகொண்டே இருக்கிறது. காலிழந்தவனோடு வழக்காட அரசுக்கு வழக்கறிஞர் உண்டு, பொழுதும் உண்டு.

நண்பர்களே, இது முதியவர்களின் விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் கல்லூரி மைதானத்தில் விடியற்காலையில் ஓடுபவர்கள் எதற்காக ஓடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி. நால்வரில் ஒருவர் வரையே நிலைப்பர். மற்றவர்க்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாயும் ஒரு சான்றிதழும். அன்று வெளியிட்ட விதிமுறைகளின்படி ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. என் தாத்தாவுக்குத் தேடி அலைவதற்காவது ஒரு கணக்கு இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இராது. ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிவத்தில் கையெழுத்திடும் முன் விதிகளைப் படித்துவிட்டு ஓடுங்கள் என்கிறேன்.

அரசுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிய திட்டம் ஒன்றும் அன்று. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதகையில் காத்திருப்பதோடு நில்லாமல், மாதம் ஒருநாள் கூடலூருக்கும் ஒருநாள் கோத்தகிரிக்கும் கோப்புகளோடு வரட்டும். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்தும் அதிகாரத்தையும் அந்த மேசையிலேயே கொடுக்கட்டும். உயிர்ச் சான்று வரவில்லை என்றால் பணத்தை நிறுத்தும் முன் ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கட்டும். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையும் கைம்பெண்களுக்கு இது இன்னும் அவசரம். பலருடைய பெயர் கணவரின் ராணுவப் பதிவேட்டில் ஏறவே இல்லை என்பது அவர் இறந்த பிறகுதான் தெரியவருகிறது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தாத்தாவின் கதையின் முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று அளிக்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. அவர் மூன்று முறை போன இடத்தில் எவரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. பெயர்த் திருத்தம் முடிந்தபின், ஒரு நண்பன் சொல்ல நான் தெரிந்துகொண்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். "இவ்வளவுதானா?" என்றார்.

ஆகவே முதல்வர் அவர்களுக்கும் என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: வரும் நவம்பர் முதல் வாரத்தில் கல்லூரி வாயிலில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட அனுமதி தாருங்கள். கைப்பேசி எங்களிடம் இருக்கிறது. காலை மூடுபனியில் முகம் சரியாகப் பதியாது. ஆதலால் பதினோரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.