பாட்டி உட்காரும் பெஞ்சு

பஸ்சுக்குப் பணம் இல்லை. அதனால் ஓர் உயிர் போயிற்று!

ஆப்பிரிக்காவில் உள்ள ஜிம்பாப்வே நாட்டில் 2005-ம் ஆண்டு நடந்தது இது. ஓர் இளம்பெண்ணுக்கு மனச்சோர்வு வியாதி. டிக்சன் சிபாண்டா என்ற டாக்டரிடம் சிகிச்சை பெற்றாள். அவள் ஊர் வெகு தொலைவில் இருந்தது. வியாதி மறுபடியும் முற்றியது. டாக்டரிடம் போக 15 டாலர் வேண்டும். வீட்டில் அந்தப் பணம் இல்லை. அவள் உயிரை மாய்த்துக் கொண்டாள்.

டாக்டர் இடிந்து போனார். நோயாளி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் போதாது என்று அவருக்குப் பட்டது.

14 பாட்டிகள்

அந்த நாட்டில் மனநோய் டாக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்ற ஏழைகள் பகுதி. அங்கே நர்சுகளுக்கு நேரம் இல்லை. ஆஸ்பத்திரியில் அறையும் இல்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிகள். கிடைத்த இடம் வெளி முற்றம். 2006-ல் அங்கே ஒரு மரப் பெஞ்சு போட்டார்கள்.

'மனநல பெஞ்சு' என்று முதலில் பெயர். யாரும் வரவில்லை. பைத்தியம் என்று ஊர் சொல்லுமே! பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். 'நட்பு பெஞ்சு' என்று ஆயிற்று. ஆட்கள் வந்தார்கள். டாக்டருக்குத் தோன்றாதது பாட்டிகளுக்குத் தோன்றியது!

வியாதிக்கும் அந்த ஊர்ப் பெயரையே சொன்னார்கள். 'குஃபுங்கிசிசா'. ஷோனா மொழியில், 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று அர்த்தம்.

சோம்பல் அல்ல

துக்கம் எல்லோருக்கும் வரும், போகும். மனச்சோர்வு அப்படிப் போகாது. இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். தூக்கம் கெடும். சோறு இறங்காது. பெற்ற குழந்தை சிரித்தாலும் மனம் மலராது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் அரிக்கும்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "உனக்கு என்ன குறை? எழுந்து வேலையைப் பார்." காய்ச்சலில் கிடப்பவனை யாரும் இப்படி அதட்டுவதில்லை. இவரை அதட்டுகிறார்கள். அதட்டினால் வியாதி போகாது. 'நான் லாயக்கில்லை' என்ற எண்ணம்தான் இன்னும் கெட்டிப்படும்.

பாட்டி என்ன செய்கிறாள்?

பாட்டி புத்தி சொல்வதில்லை. இதுதான் விசேஷம்! அவள் ஊர்க்கதை பேச வந்தவளும் அல்ல, பயிற்சி பெற்றவள். முதலில் 14 கேள்விகள் கேட்பாள். பிறகு வந்தவரைப் பேச விடுவாள். அழுதால் அழ விடுவாள்.

வேலை போயிற்று, வாடகை பாக்கி, புருஷன் குடிக்கிறான். எல்லாம் சேர்ந்து மலையாக நிற்கும். "இதில் எதை முதலில் பார்க்கலாம்?" என்பாள் பாட்டி. வந்தவர் ஒன்றைப் பொறுக்குவார். அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் யோசிப்பார்கள். வழியைச் சொல்ல வேண்டியவர் பாட்டி அல்ல, வந்தவரே. மறுவாரம் வந்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். சிக்கிய நூலில் ஒரு நுனி கையில் கிடைத்தால் போதாதா?

மொத்தம் ஆறு முறை இப்படி உட்காருவார்கள். வியாதி கடுமையாக இருந்தால், பாட்டி மேல் சிகிச்சைக்கு அனுப்பி விடுவாள். மாத்திரை வேண்டியவருக்கு மாத்திரைதான் கொடுக்க வேண்டும்.

பலன் உண்டா?

573 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தது!

பிறகு நியூயார்க்கிலும் இந்தப் பெஞ்சைப் போட்டார்கள். ஏழை நாட்டிடம் பணக்கார நாடு பாடம் கற்றது!

இந்தியாவில் 2022-ல் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி உதவி தொடங்கியது. எண் 14416. இரவும் பகலும், தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால், ஒரே அறை உள்ள வீட்டில், புருஷனின் போனை வாங்கி, மாமியார் காதில் விழாமல் ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட என்ன செலவாகும்?