கடிவாளமும் சவுக்கும்

உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லும் பொடிகளும் லேகியங்களும் இக்காலத்தில் கடைதோறும் மலிந்து கிடக்கின்றன. புற்றுநோயுற்றாரின் வீட்டார் கடன் பட்டேனும் அவற்றை வாங்குகின்றனர். சக்தி குன்றியமையாலன்றோ நோய் வந்தது, அதனை ஏற்றிவிட்டால் நோய் நீங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. (லேகியம் இனிப்பாயிருத்தலின் அவ்வீட்டுச் சிறுவர்க்கு ஓரளவு பயனுண்டு போலும்.) அந்நம்பிக்கை பொருந்தாதென்பதே எமது துணிபு. எமக்குச் சான்று பகர்வன ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள்.

குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ‘டி’ அணுக்கள் என்பன ஒரு வகை. அவற்றுட் சில, கழலையின் அணுவை அயலானென்று இனங்கண்ட அளவில் அதனை நெருங்கி ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் அதன் சவ்விலே துளை செய்து, கிரான்சைம் என்னும் நொதிகளை உட்செலுத்தும். அவ்வணு தானே மாய்ந்தொழியும். இத்துணை வல்ல படை உள்ளே இருக்கவும் கழலை வளர்வானேன்? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அப்படை கட்டுண்டிருத்தல். டி அணுவின்மேல் சி.டி.எல்.ஏ.4 என்றொரு மூலக்கூறு தோன்றி, குதிரைக்குக் கடிவாளம்போல அதனை இழுத்துப் பிடிக்கின்றது.

1996-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலிசன் என்பாரும் அவர்தம் துணைவரும், கழலையணுக்கள் புகுத்தப்பெற்ற சுண்டெலிகளுக்கு அம்மூலக்கூற்றைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஊசி வழியே செலுத்திய செய்தியை வெளியிட்டனர். கழலைகள் மறைந்தன. பின்னர் அவ்வணுக்களையே மறுபடி புகுத்தியபோது, புதிதாக மருந்தேதும் இன்றியே எலிகள் அவற்றை விலக்கின. கழலையைக் கொன்றது எலியின் சொந்தப் படையே. மருந்து செய்ததெல்லாம் கடிவாளத்தைத் தளர்த்தியது மாத்திரமே. அப்படையைச் சவுக்கால் அடித்து ஓட்டியவர் எவருமிலர்.

எலி பிழைத்ததென்று கேட்டவுடன் மனிதனும் பிழைத்தானென்று ஆர்ப்பரிப்பதும் தகாது. எலியின் கழலை நம்மால் நட்டு வளர்க்கப்பட்டது, சின்னாளில் முற்றுவது. மனிதனுடையதோ ஆண்டுக்கணக்கில் அப்படையின் கண்ணெதிரே தன்னை மறைத்து வளர்ந்தது. அம்மருந்து முற்றிய மெலனோமா என்னும் தோற்புற்றுக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2011-இலேதான். ஆலிசனுக்கும், வேறொரு கடிவாளத்தை ஆராய்ந்த கியோட்டோவின் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபெல் பரிசு கிடைத்தது. எனினும் நோயாளர் சிலர்க்கே இம்மருந்து பலிக்கின்றது.

பலித்தவர்க்கும் பலியாதவர்க்கும் பொதுவான இடரொன்றுண்டு. கட்டவிழ்ந்த படை சிலவேளை குடலையும் தோலையும் ஈரலையும் பகையென்று தாக்குகின்றது. அப்போது மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, பொடி விற்போர் பெருக்கச் சொல்லும் அதே சக்தியைத் தணிக்கின்றனர்.