காருக்கும் மறுகால் உண்டு!

நாஞ்சில் நாட்டு வாசகிகளுக்கு 'மறுகால்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. குளம் நிரம்பிவிட்டால், மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போவதற்கென்றே ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதுதான் மறுகால். "எங்க ஊர்க் குளம் மறுகால் பாயுது" என்று ஒருவர் சொன்னால் அதில் ஒரு பெருமை. கூடவே ஒரு நிம்மதி. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலும் நியாயம் இதுவேதான். 48 அடி கொள்ளும் அணையாயிற்றே என்று, மழைக் காலத்தில் 48 அடியும் முட்டுகிற வரை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. முன்கூட்டியே மதகைத் திறந்து விடுகிறார்கள். அன்றைக்குத் திற்பரப்பு அருவியில் குளிக்க விடமாட்டார்கள் என்று நாம் முணுமுணுக்கலாம். ஆனால் அணை பத்திரமாக நிற்கிறது அல்லவா?

இந்த மறுகால் இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் காருக்குள்ளேயும் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். ஏனென்றால், அதை அடைத்துவிட வேண்டும் என்று சில வீடுகளில் பிள்ளைகள் புறப்பட்டிருக்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்து வீடு என்றால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அம்மா, கொஞ்சம் ரூவா தந்தா போதும். வண்டிக்கு பூஸ்ட்டைக் கூட்டிட்டு வந்திருவேன்."

"எதுக்கு மக்கா? ஆரல்வாய்மொழி தாண்டினா காத்தே வண்டியத் தள்ளிட்டுப் போயிருமே!"

"காத்துதான்மா விஷயமே. இஞ்சினுக்கு உள்ளே இன்னும் கொஞ்சம் காத்தைத் திணிக்கணும்."

பிள்ளை சொல்வது உண்மைதான். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். அதிகக் காற்றை உள்ளே செலுத்தினால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், சக்தியும் கூடும். காற்றை எதைக் கொண்டு திணிப்பது? ஆல்ஃபிரட் பியூகி என்ற ஸ்விட்சர்லாந்து இஞ்சினீயர் 1905-லேயே ஒரு யோசனைக்கு உரிமை வாங்கினார். குழாய் வழியே வீணாய்ப் போகும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுவது. அதே அச்சின் மறு முனையில் இன்னொரு சக்கரத்தை வைத்துக் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுவது. இதுதான் டர்போ. முப்பந்தலில் காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரமோ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது! அப்படித் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தைத்தான் 'பூஸ்ட்' என்கிறார்கள்.

அது எவ்வளவு இருக்கும்? உங்கள் சமையலறையிலேயே அளவுகோல் இருக்கிறது. பிரஷர் குக்கரின் வெயிட், உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் ஏறியதும் எழும்பி விசில் அடிக்கிறது. சாதாரண டர்போ கார்களின் பூஸ்ட்டும் ஏறக்குறைய அதே அளவுதான். வண்டிக்கு வண்டி சற்றுக் கூடும், குறையும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காற்று கூடினால் புகை கூடும். புகை கூடினால் சக்கரம் வேகம் பிடிக்கும். வேகம் பிடித்தால் காற்று இன்னும் கூடும். விட்டுவிட்டால் இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை. ஆகையால் புகை வரும் வழியில் ஒரு சிறு கதவை வைத்தார்கள். பூஸ்ட் வேண்டிய அளவை எட்டியதும் கதவு திறக்கும். மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமலே பக்கவாட்டில் போய்விடும். மெக்கானிக்குகள் இதை 'வேஸ்ட் கேட்' என்பார்கள். நாம் மறுகால் என்போம்.

பூஸ்ட்டைக் கூட்டித் தருகிறோம் என்கிறவர்கள் கை வைப்பது பெரும்பாலும் இந்த மறுகாலிலேதான். கதவுக்குச் சேதி சொல்லும் ரப்பர் குழாயில் ஒரு திருகை வைத்துக் காற்றைக் கசிய விட்டால், உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கதவு எண்ணிக்கொள்ளும், திறக்காது. வேறு சிலர் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பொய்க் கணக்குக் காட்டும் ஒரு பெட்டியை மாட்டுகிறார்கள். முறையாகச் செய்பவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுகிறார்கள். இதற்கு 'ரீமாப்' என்று பெயர். முதல் இரண்டும், வெயிட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, "குக்கர் இன்று விசிலே அடிக்கவில்லை!" என்று மெச்சிக்கொள்வதைப் போன்றவை.

அதனால் என்ன கெட்டுவிடும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் காற்று சூடாகும். அளவுக்கு மீறிச் சூடான கலவை, எரிய வேண்டிய முறையில் எரியாமல் ஒரேயடியாக வெடிக்கிறது. இஞ்சினுக்குள் சுத்தியால் தட்டுவது போல ஓசை கேட்கும், 'நாக்கிங்' என்பார்கள். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும். காற்றுக்குத் தக்க பெட்ரோல் சேராவிட்டால் சூடு மேலும் ஏறி உலோகமே உருகும். இதெல்லாம் வீட்டு வாசலில் நடந்தால் பணத்தோடு போயிற்று. நாற்கரச் சாலையில் லாரியை முந்தும்போது நடந்தால்?

பெரிய கம்பெனிகளும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தன. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று, 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். இஞ்சின் தட்டாமலிருக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தை அதற்கென்று ஒரு தொட்டியில் ஊற்றி வர வேண்டும். தீர்ந்துவிட்டால் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் பலர் ஊற்ற மறந்தார்கள்; பிறகு வண்டி ஓடவில்லை என்று குறைப்பட்டார்கள். 1963-உடன் அந்தக் கார் நின்றுபோயிற்று. ஸ்வீடன் நாட்டு ஸாப் கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் நல்ல வழி ஒன்று கண்டது. இஞ்சின் தட்டும் ஓசையைக் கேட்க ஒரு கருவியை வைத்து, தட்டினால் உடனே பூஸ்ட்டைக் குறைக்கச் செய்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு, கூடத்தில் இருந்தபடியே காதை அங்கே வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி!

"பந்தயக் காரில் மட்டும் ஏற்றுகிறார்களே?" என்று பிள்ளை கேட்பான். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1977-ல் ரெனோ கம்பெனி டர்போவைக் கொண்டுவந்தது. பத்து வருஷங்களில் பூஸ்ட் ஏறிய ஏற்றத்தைக் கண்டு பந்தயம் நடத்துகிறவர்களே பயந்தார்கள். 1987-ல், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 4 பார் என்று எல்லை கட்டினார்கள். மீறினால் திறந்துகொள்ளும் வால்வை ஒவ்வொரு டர்போ காரிலும் மாட்டச் சொன்னார்கள். அசல் குக்கர் வெயிட்டேதான். 1988-ல் எல்லை 2.5 பாராக இறங்கியது. 1989-ல் டர்போவுக்கே தடை. அது திரும்பி வந்தது 2014-ல்தான். எந்நேரமும் மெக்கானிக்குகள் சூழ்ந்திருக்கும் காருக்கே அந்தக் கட்டுப்பாடு!

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளை பிடிவாதமாக இருந்தால், சும்மா சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை. நாலு கேள்வி கேளுங்கள். பூஸ்ட் எந்த அளவில் நிற்கும், அதைக் காட்டும் மீட்டர் கண்ணெதிரே இருக்குமா? கூடும் காற்றுக்கு ஈடான பெட்ரோலைத் தரும் வசதி இருக்கிறதா? சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலர் தாங்குமா? வேகம் கூடுகிறதே, பிரேக்கும் டயரும் கிளட்ச்சும் என்ன செய்யும்?

சட்டமும் பணமும் தனி. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது உங்கள் பெயரா, பிள்ளையின் பெயரா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்! கம்பெனியின் வாரண்டி போகும். சொல்லாமல் செய்த மாற்றம் என்றால், விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் தகராறு வரும்.

எதையும் மாற்றாத டர்போ காருக்கும் கவனிப்பு வேண்டும். லட்சம் சுற்று சுற்றும் அந்த அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆகவே இஞ்சின் ஆயிலைத் தவணை தப்பாமல் மாற்றுங்கள். நெடுந்தூரம் விரைந்து வந்து நின்றதும் சாவியைத் திருகி அணைத்துவிடாமல், ஒரு நிமிஷம் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள். விசில் சத்தமோ கரும்புகையோ புதிதாகத் தென்பட்டால், ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளை மெக்கானிக்கிடம் "எவ்வளவு பூஸ்ட் ஏத்தலாம்?" என்று கேட்பான். கூடப் போய் நீங்கள் கேளுங்கள்: "மறுகால் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், வண்டிச் சாவியையும் கொடுக்காதீர்கள்.